மகஜர் கொடுத்தாயிற்று, பிறகு? யாழ்ப்பாணத்து ஊரவர்களுக்கான கேள்வி பதில்

வீதி விளக்கு எரியவில்லை, மழைக்கு வெள்ளம் முற்றத்துக்குள் வருகிறது, பள்ளிக்கூட நேரத்துக்கு பஸ் இல்லை, குடியிருப்புக்குள் குப்பை கொட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் எந்த ஊரை எடுத்தாலும் இப்படி ஒன்று இருக்கும். அதற்கு யாரோ ஒருவர் எப்போதோ மகஜர் (ஊரவர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கோரிக்கைக் கடிதம்) எழுதியும் இருப்பார். கையளிக்கும் படம் பேப்பரில் வந்திருக்கும். பிறகு அந்தக் கடிதம் எந்தக் கந்தோரில், எந்த மேசையில் கிடக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சனசமூக நிலையங்களிலும் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கையளித்த பிறகு செய்யவேண்டிய வேலையைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன். நம் ஊர்களில் மகஜர்கள் அந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன.

மகஜரை யாருக்கு எழுதுவது?

பாதி வெற்றி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பலர் பாதுகாப்புக்கு என்று ஜனாதிபதியிலிருந்து கிராம சேவகர் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவார்கள். எல்லாருக்கும் வந்த கடிதம் தனக்கு வந்ததல்ல என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள்.

வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைக்கு. யாழ் மாவட்டத்தில் ஒரு மாநகர சபையும், பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி ஆகிய 3 நகர சபைகளும், 13 பிரதேச சபைகளும் இருக்கின்றன. உங்கள் ஒழுங்கை முடிந்து பெரிய வீதி தொடங்கும் இடத்திலேயே பொறுப்பு கைமாறிவிடும். அந்தச் சந்தியில் இருக்கும் பள்ளத்துக்கு இரண்டு கந்தோரும் மற்றதைக் கைகாட்டும்.

வீதி விளக்கு என்றால் கம்பம் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துடையது, விளக்கைப் பராமரிப்பது உள்ளூராட்சி சபை. பஸ் என்றால் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸுக்கு அந்தச் சாலை (டிப்போ) முகாமையாளர், தனியார் பஸ்ஸுக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. பாடசாலை என்றால், தேசிய பாடசாலை கொழும்பு அமைச்சின் கீழ் வரும். மற்றவை மாகாணத்தின் கீழ், எனவே உங்கள் வலயக் கல்விப் பணிமனையில் தொடங்குங்கள் (யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று 5 வலயங்கள்). வைத்தியசாலையும் அப்படித்தான். யாழ் போதனா வைத்தியசாலை மத்திய அரசுடையது, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி வைத்தியசாலைகள் மாகாணத்துடையவை.

எது யாருக்கு என்று தெரியாவிட்டால் ஊகிக்கவேண்டாம். "இந்த வீதி உங்கள் சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா?" என்று தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு வரி கேட்டால் எழுத்தில் பதில் வரும். அந்தப் பதிலை மகஜரோடு இணைத்துவிட்டால் பிறகு "இது எங்கட வேலை இல்லை" என்று சொல்ல முடியாது.

யாருடைய பெயரில் கொடுப்பது நல்லது?

பதிவு செய்த அமைப்பு இருந்தால் அதன் கடிதத் தலைப்பில் கொடுங்கள். சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எதுவானாலும் சரி. கூட்டம் கூடி, தீர்மானம் எடுத்து, கூட்ட அறிக்கையில் எழுதி, அந்தப் பக்கத்தின் பிரதியையும் இணையுங்கள். தலைவர் மாறினாலும் கோரிக்கை சங்கத்தின் கோரிக்கையாக நிற்கும். சங்கம் நித்திரையில் கிடக்கிறது என்றால் ஒழுங்கைச் சனம் ஐந்தாறு பேர் சேர்ந்து தங்கள் பெயரிலேயே கொடுக்கலாம், சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை.

எத்தனை கையெழுத்து வேண்டும்?

எந்த எண்ணிக்கையும் சட்டத்தில் இல்லை. ஒரு கையெழுத்தோடு போனாலும் வாங்கத்தான் வேண்டும். எண்ணிக்கையை விட அடர்த்தி முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஒழுங்கையில் 40 வீடு இருந்து 37 வீட்டார் கையெழுத்திட்டிருந்தால் அது அந்த ஒழுங்கையின் குரல். சந்தையில் நின்று போகிறவர் வருகிறவரிடம் வாங்கிய 1,000 கையெழுத்துக்கு அந்தக் கனம் இல்லை. வீட்டுக்கு ஒருவராவது வாங்குங்கள், வீட்டு இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஒரே கையெழுத்தில் பத்துப் பெயர் எழுதிய தாள் ஒன்று இருந்தாலும் முழு மகஜரும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இன்னொன்று, கோரிக்கை ஒவ்வொரு தாளின் மேலும் அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் தாளில் கையெழுத்து வாங்கிப் பிறகு கடிதத்தோடு பின் பண்ணுவது தவறு. சனம் எதற்குக் கையெழுத்திட்டது என்று நாளைக்கு யாரும் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

சிலர் கையெழுத்திடப் பயப்படுகிறார்கள். வற்புறுத்தலாமா?

கூடாது. இந்தப் பயத்தை வெளியூர்க்காரர் விளங்கிக்கொள்வது கஷ்டம், நாங்கள் விளங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு வீட்டுப் படலையில் நின்று வீதி விளக்குக்குக் கையெழுத்துக் கேட்டபோது அந்த ஆச்சி தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இதில பேரும் ஐடென்ரிற்றி நம்பரும் குடுத்தா பிறகு ஆரும் வந்து விசாரிப்பினமோ?" கூட வந்த பெடியன் சிரிக்கப் பார்த்தான். ஆச்சி சிரிக்கவில்லை. பெயர்ப் பட்டியல் என்றால் என்ன என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். சுற்றிவளைப்பு, பதிவு, விசாரணை எல்லாவற்றையும் கண்டவர்கள் அவர்கள்.

இந்த மாதிரி நேரம் மூன்று விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். தாள் எந்தக் கந்தோருக்குப் போகிறது, யார் பார்ப்பார்கள், பிரதி யாரிடம் இருக்கும். அடையாள அட்டை இலக்கம் சட்டப்படி அவசியமில்லை. பெயர், வீட்டு இலக்கம், கையொப்பம் போதும். கையெழுத்துத் தாளைப் படம் எடுத்து வைபர், வட்ஸ்அப் குழுமத்திலோ முகநூலிலோ போடாதீர்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்த ஆச்சி கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் எந்தக் கம்பத்தில் எந்த மாதத்திலிருந்து விளக்கு எரியவில்லை என்று சரியாகச் சொன்னார். அந்த விவரம் கடிதத்தில் போனது.

எங்கள் ஊரில் எல்லாரிடமும் கேட்டுவிட்டோம் என்று எப்படி உறுதிசெய்வது?

ஊரின் வரைபடம் ஒன்றைக் கையால் கீறி, கையெழுத்து வாங்கிய வீடுகளைக் குறியுங்கள். எந்தப் பகுதி வெறுமையாக இருக்கிறது என்று உடனே தெரியும். அந்த வெறுமைக்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும், அதைப் பற்றி ஒளிக்காமல் பேசவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஊருக்குள்ளேயே கார்ப்பெற் வீதி ஒரு எல்லையில் நிற்கும். அதற்கு அங்கால் மண் ஒழுங்கை. அந்த எல்லை சாதி எல்லையாக இருப்பதை நாங்கள் எல்லாரும் அறிவோம். மகஜர் எழுதும் குழு பெரும்பாலும் எல்லைக்கு இந்தப் பக்கத்து ஆட்கள். "ஊர்மக்கள்" என்று தலைப்பில் போட்டுவிட்டு ஊரில் பாதியைக் கேட்காமல் விடுவது பெரிய அநியாயம். கேட்காமல் விடப்பட்டவர்கள் தாங்களாகவே எழும்பி நின்ற சம்பவங்கள் இருக்கின்றன. 2017 இல் புத்தூர் கலைமதி கிராமத்து மக்கள் தங்கள் குடியிருப்புகளுக்கு நடுவில் பிணம் எரிப்பதை நிறுத்தக் கோரித் தொடர்ந்து இருந்து போராடினார்கள். வாசலில் புகை வரும் வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் கேட்ட சாதாரணமான கோரிக்கை அது.

பெண்களையும் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குப் போனால் "அவர் வரட்டும், அவர் போடுவார்" என்பார்கள். தண்ணீர் அள்ளுவது, பிள்ளையைப் பள்ளிக்கூடம் ஏற்றுவது, இருட்டில் வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி நடப்பது பெரும்பாலும் அவர்கள்தான். விவரமும் அவர்களிடம்தான் இருக்கும். வாடகைக்கு இருப்பவர்கள், மீள்குடியேறி இன்னும் நிரந்தர வீடு இல்லாதவர்கள், காணி உறுதி கையில் இல்லாதவர்கள் எல்லாரும் அந்த ஒழுங்கையில் வாழ்பவர்களே.

கடிதத்தை எப்படி எழுதுவது?

ஒரு பக்கம். ஒரு கோரிக்கை. "மேன்மைதங்கிய" என்று தொடங்கி அரைப் பக்கம் புகழ்வது வேண்டாம், ஏசுவதும் வேண்டாம். 10 கோரிக்கையை ஒரே மகஜரில் போட்டால் மிகவும் லேசான ஒன்றைச் செய்துவிட்டு "மகஜர் கவனத்தில் எடுக்கப்பட்டது" என்று கோவையை மூடிவிடுவார்கள். ஒரு மாதிரி தருகிறேன், எண்களை உங்கள் ஒழுங்கைக்கு ஏற்ப மாற்றுங்கள்:

"பொருள்: எமது ஒழுங்கையின் கிழக்குப் பக்க வெள்ள வாய்க்காலைத் துப்புரவாக்கி, முடிவிலுள்ள மதகைத் திருத்தித் தருமாறு கோரல்.

இவ்வொழுங்கையில் 38 குடும்பங்கள் வசிக்கின்றன. வாய்க்கால் ஏறத்தாழ 120 மீற்றர் நீளத்துக்கு மண்ணால் நிரம்பியுள்ளது. மதகின் இரண்டு குழாய்களில் ஒன்று உடைந்துள்ளது. ஐப்பசி முதல் மார்கழி வரை 11 வீடுகளின் முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது. 4 வீடுகளில் மலகூடக் குழி நிரம்பிக் கிணற்று நீருடன் கலக்கிறது. கடந்த மழைக்காலத்தில் எடுத்த படங்களும் வரைபடமும் இணைக்கப்பட்டுள்ளன. செப்டெம்பர் 30 ஆம் திகதிக்கு முன்னர் இவ்வேலையைச் செய்து தருமாறும், எடுக்கும் நடவடிக்கையை எமக்கு எழுத்தில் அறியத் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

கிணறு பற்றிய வரியைக் கட்டாயம் போடுங்கள். நம் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே தேங்கும் அழுக்குத் தண்ணீர் வெடிப்புகளுக்குள்ளால் நேரே நிலத்தடி நீருக்குள் இறங்கும், அந்த நீரைத்தான் குடிக்கிறோம். அந்த ஒரு வரியால் வாய்க்கால் பிரச்சினை சுகாதாரப் பிரச்சினையாகவும் ஆகிறது. அப்போது பிரதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் அனுப்பலாம். அவர்கள் வந்து பார்த்து எழுதும் அறிக்கை உங்கள் 38 கையெழுத்துக்குப் பலம் சேர்க்கும்.

எப்போது கொடுப்பது?

உள்ளூராட்சி சபைகள் அடுத்த வருடப் பாதீட்டை மார்கழி (டிசெம்பர்) முடிவதற்குள் நிறைவேற்ற வேண்டும். பணம் தேவைப்படும் வேலை என்றால் ஆவணியில், பிந்தினால் புரட்டாதியில் மகஜர் சபையில் இருக்கவேண்டும். தை மாதம் கொண்டுபோனால் "இந்த வருஷம் ஒதுக்கீடு இல்லை" என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். துப்புரவாக்கல், பல்ப் மாற்றல் போன்ற சின்ன வேலைகளுக்குக் காலம் பார்க்கத் தேவையில்லை.

தமிழில் எழுதினால் போதுமா?

போதும். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. கொழும்பிலுள்ள அமைச்சுக்கு எழுதினாலும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அதைத் திருப்பிக் காட்டி தமிழில் கேளுங்கள். தரவில்லை என்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். இதைப் பலர் "சரி விடு, ஆரையேன் பிடிச்சு வாசிப்பம்" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

கையளிக்கும்போது என்ன கவனிக்கவேண்டும்?

இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் வாங்கியவரின் கையொப்பமும் பெறுங்கள். முத்திரை இல்லாத மகஜர் கொடுக்கப்படாத மகஜர். தவிசாளரிடமோ மாநகர முதல்வரிடமோ கையில் கொடுத்துப் படம் எடுத்தாலும், பிறகு கீழே தபால் வாங்கும் மேசைக்குப் போய் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை ஒட்டி வையுங்கள்.

உங்கள் வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி. சபை மாதம் ஒருமுறையாவது கூடும், அங்கே அவர் இதைப் பிரேரணையாகக் கொண்டுவந்தால் கூட்ட அறிக்கையில் ஏறும். கூட்டத்தைப் பொதுமக்கள் இருந்து பார்க்கலாம். ஒழுங்கைச் சனம் நாலு பேர் பின்னால் போய் அமைதியாக உட்கார்ந்திருந்தால் பேச்சின் தொனியே மாறும்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லை. என்ன செய்யலாம்?

பெரும்பாலான ஊர்கள் இந்த இடத்தில்தான் கையை விரிக்கின்றன. கையில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்கவேண்டும். காரணம் சொல்லாமல் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கினர் குடிமக்களாக இருக்கும் சங்கமும் தன் பெயரில் கேட்கலாம்.

"ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை, வாதம். கோவையில் இருக்கும் கடதாசியைக் கேளுங்கள். "இன்ன திகதி முத்திரையிட்ட எமது மகஜர் தொடர்பாக எடுக்கப்பட்ட தீர்மானங்கள், எழுதப்பட்ட கடிதங்கள், குறிப்புகள் ஆகியவற்றின் பிரதிகள்" என்று கேளுங்கள். "கடந்த 3 வருடங்களில் எமது வட்டாரத்தில் வாய்க்கால் வேலைகளுக்கு ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, செய்த இடங்கள்" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வி பல கதவுகளைத் திறக்கும். பணம் ஒதுக்கித் திரும்பிப் போயிருப்பதும், வேறு ஒழுங்கைக்கு மாறியிருப்பதும் அப்போதுதான் தெரியவரும்.

14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கவேண்டும். தகவலைத் தேடிக் கொடுக்க, நியாயமான காரணம் இருந்தால், மேலும் 21 நாள் எடுக்கலாம். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு. இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. திகதிகளைச் சுவர் கலண்டரில் குறித்து வைக்கும் ஒருவர் போதும். அந்த ஆளை முதல் கூட்டத்திலேயே தெரிவுசெய்யுங்கள், தலைவரைத் தெரிவுசெய்வதை விட இது முக்கியம்.

மாகாண சபைதான் இல்லையே, மாகாண விஷயத்தை யாரிடம் கேட்பது?

வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. நாங்கள் தெரிந்தெடுத்தவர் இல்லாமல் ஆளுநரும் செயலாளர்களும் நடத்தும் நிர்வாகம் அது. அந்தந்த அமைச்சின் செயலாளருக்கு எழுதி, பிரதிகளைப் பிரதம செயலாளருக்கும் ஆளுநர் செயலகத்துக்கும் அனுப்புங்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் மத்திய, மாகாண அதிகாரிகள் ஒரே மேசையில் இருப்பார்கள். "அது அவர்களின் வேலை" என்று அங்கே சொல்வது கஷ்டம். பிரதேச செயலாளருக்கு முன்கூட்டியே எழுதி, உங்கள் விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கேளுங்கள்.

பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஊடாகச் சமர்ப்பிக்கவேண்டும், அது பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குப் போகும். கிளிநொச்சியும் சேர்ந்த யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2024 தேர்தலிலிருந்து 6 உறுப்பினர்கள். ஒரு அதிகாரியின் முடிவால் உரிமை பறிபோனது, ஓய்வூதியம் நின்றது போன்ற விஷயங்களுக்கு இது பொருந்தும். அதுபோன்றவற்றுக்கு ஒம்புட்ஸ்மன் என்கிற நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளரிடம் நேரடியாகவும் முறையிடலாம். ஒழுங்கை விளக்குக்கு இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

எங்கள் கோரிக்கையால் இன்னொரு ஊருக்குப் பாதிப்பு வந்தால்?

நடக்கும். அதற்குப் பெரிய உதாரணம் நம் கண் முன்னே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குக் குழாய்க் குடிநீர் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு, இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருவதாகத் திட்டம் போட்டார்கள். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அந்தக் குளத்தை நம்பித்தான் அவர்கள் வயல் விதைக்கிறார்கள், சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாத வருடங்கள் இருந்தன. அவர்களுடையதும் நியாயமே. கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டினார்கள், 2024 இல் திறந்தார்கள். அதற்கும் வடமராட்சி கிழக்கு மீனவர்கள் தங்கள் கடலுக்கு என்ன நடக்கும் என்று கேட்டார்கள்.

ஆகவே மகஜர் எழுத முதல் ஒரு கேள்வி: எங்கள் வெள்ளம் வடிந்து எங்கே போகும்? வாய்க்காலை ஆழமாக்கினால் கீழ்ப்பக்கத்து ஒழுங்கை தாண்டுபோகுமா? குப்பையை இங்கே கொட்டவேண்டாம் என்றால் எங்கே கொட்டுவார்கள்? யாழ் நகரத்துக் கழிவு கல்லுண்டாய் வெளிக்குப் போகிறது. அங்கே குப்பை எரிந்தால் அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களும் மகஜர் எழுதியவர்கள்தான். கீழ்ப்பக்கத்து ஊரோடு முதலில் பேசி, கூட்டாகக் கையெழுத்திட்டுப் போனால் கந்தோருக்குத் தட்டிக்கழிக்க வழி குறையும்.

மகஜரால் முடியாத விஷயங்கள் உண்டா?

உண்டு. காணி சுவீகரிப்பு, கிணறு நஞ்சாதல், அடிப்படை உரிமை மீறல் போன்றவற்றில் மகஜரோடு மட்டும் நின்றால் காலம் போய்விடும். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள்.

சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்தபோது மக்கள் முறையிட்டார்கள், போராடினார்கள், வழக்கும் போனது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. வலிகாமம் வடக்கில் 2013 இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணிக்காரர் நீதிமன்றம் போனார்கள். 2025 மார்ச்சில் வடக்கில் ஏறத்தாழ 6,000 ஏக்கருக்கு, உரிமையை நிரூபிக்காவிட்டால் அரச காணியாகும் என்று வர்த்தமானி வந்தது. எதிர்ப்பும் உயர் நீதிமன்ற வழக்கும் சேர்ந்து, அந்த ஜூனில் அது மீளப் பெறப்பட்டது. இவற்றில் எல்லாம் ஊரவர் வைத்திருந்த பழைய கடிதங்கள், உறுதிகள், முத்திரையிட்ட பிரதிகள்தான் சாட்சியத்துக்கு அடித்தளம்.

குப்பை, சாக்கடை, சத்தம் போன்ற பொதுத் தொல்லைக்கு நீதவான் நீதிமன்றமே கட்டளையிடலாம், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவு அதற்கு இருக்கிறது.

இணையத்தில் கையெழுத்து வாங்கலாமா? வெளிநாட்டில் இருப்பவர்கள் சேரலாமா?

இணைய மனுவுக்குக் கந்தோரில் தனி மதிப்பு இல்லை, செய்தியைப் பரப்ப உதவும். ரொறன்ரோ, லண்டன், பாரிஸில் இருக்கும் நம் ஊரவர்களின் கையெழுத்தைத் தனிப் பட்டியலாக இணையுங்கள். இரண்டையும் கலந்தால் "இவர்கள் இங்கே வசிப்பவர்களே இல்லை" என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவார்கள்.

வெளிநாட்டுக் காசைப் பற்றி எனக்கு ஒரு கவலை இருக்கிறது. விளக்கு எரியவில்லை என்று ஊர் வட்ஸ்அப்பில் போட்டால் அடுத்த கிழமையே ஒருவர் காசு அனுப்பிப் பூட்டிவிடுவார். அன்பு அது, குறைசொல்ல முடியாது. ஆனால் சபைக்கு வரி கட்டுகிறோம். வெளிநாட்டில் ஆள் இல்லாத ஒழுங்கை இருட்டில் கிடக்கிறது. அந்தக் காசில் எல்லா ஒழுங்கைக்கும் அளவெடுத்து, படம் எடுத்து, மகஜரைச் சரியாகச் செய்ய உதவினால் ஊர் முழுக்க வெளிச்சம் வரும்.

ஊர்வலமாகப் போய்க் கொடுக்கலாமா?

அமைதியாகக் கூடும் உரிமை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. வீதியில் ஊர்வலம் என்றால் 6 மணித்தியாலத்துக்கு முன் அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. பிள்ளைகளைப் பள்ளிக்கூட உடுப்போடு முன்னால் நிறுத்தாதீர்கள்.

கட்சிக்காரர் வந்து தாங்கள் கொண்டுபோகிறோம் என்கிறார்கள்.

எல்லாக் கட்சிக்கும் ஒரே பிரதியை ஒரே நாளில் கொடுங்கள். கையளிக்கும்போது முன்னால் நிற்பவர் ஊரவராக இருக்கட்டும், உறுப்பினர்கள் பக்கத்தில் நிற்கலாம். 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மீண்டும் தெரிவான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களும் மட்டும் நடத்தினார்கள். உறுப்பினர் இருப்பது நல்லது, பயன்படுத்துங்கள். ஒரு கட்சியின் மகஜர் என்று பெயர் வந்தால் மற்றக் கட்சி எதிர்த்து வாக்களிக்கும், உங்கள் வாய்க்கால் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

வேலை தொடங்கிவிட்டது. எங்கள் பங்கு முடிந்ததா?

இல்லை. மதிப்பீட்டுப் பத்திரத்தின் பிரதியைத் தகவலறியும் உரிமையின் கீழ் எடுங்கள். எத்தனை மீற்றர், என்ன தடிப்பில் கொங்கிறீற், எவ்வளவு தொகை என்று அதில் இருக்கும். வேலை நடக்கும்போது மீற்றர் நாடாவோடு நின்று பாருங்கள், குறை இருந்தால் அன்றைக்கே தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் சொல்லி, எழுத்திலும் கொடுங்கள். ஒப்பந்தகாரருக்குக் கடைசிக் கொடுப்பனவு போன பிறகு கேட்டுப் பலனில்லை.

பிறகு கையெழுத்திட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் போய் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். முழுவதும் நடக்காவிட்டாலும் சொல்லுங்கள். மகஜர், முத்திரையிட்ட பிரதி, தகவல் அலுவலரின் பதில்கள், படங்கள், கூட்ட அறிக்கை எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு சனசமூக நிலைய அலுமாரியில் வையுங்கள், ஒருவருடைய வீட்டில் வைக்கவேண்டாம். இன்னொரு பிரதி ஸ்கான் செய்து இரண்டு பேரின் மின்னஞ்சலில் இருக்கட்டும். அடுத்த நிர்வாகம் அடுத்த ஒழுங்கைக்கு எழுதும்போது யாருக்கு எழுதினால் பதில் வந்தது, எத்தனை நாளில் வந்தது என்பது அதில் இருக்கும்.